பூட்டே இல்லாத வீட்டுக்குச் சாவி

ஆனி மாசக் கடைசி. தென்காசிக் கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. வெளியூர்க் குடும்பம் ஒன்றுக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் கோயிலைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். சுவரில் வெட்டியிருந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார். “இதெல்லாம் சங்கேத எழுத்து சார். அந்தக் காலத்துப் பாஸ்வேர்டுன்னு வச்சுக்கோங்க. தெரிஞ்சவன் படிச்சான்னா மலையில புதையல் எங்க கிடக்குன்னு சொல்லிருவான். கவர்மெண்டுக்குத் தெரியும், வெளிய விடமாட்டான்.” குடும்பம் பயபக்தியோடு தலையாட்டியது. அவர் விரலுக்கு ஒரு சாண் தள்ளி ‘எல்லை’ என்ற சொல் பளிச்சென்று இருந்தது. நிலத்தின் எல்லை. கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் வயல் என்று போகும் பத்திர வாசகம்.

நான் அங்கே வாய் திறக்கவில்லை. சாரலுக்கு வந்தவர்களின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். ஆனால் இந்தப் பேச்சு அவர் ஒருவருடையது என்றால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. இன்ஜினியரிங் படித்தவர்கள் சொல்கிறார்கள். யூடியூபில் பின்னணி இசையோடு சொல்கிறார்கள். கல்வெட்டு என்றால் புதையல் வரைபடம், வட்டெழுத்து என்றால் ராஜாங்க ரகசிய எழுத்து, சித்தர் பாடல் என்றால் சாவி தொலைந்த பெட்டி. ‘நம் முன்னோர் எல்லாவற்றையும் மறைமொழியில் எழுதி வைத்தார்கள், வெள்ளைக்காரன் சாவியைத் திருடிவிட்டான், அல்லது நாம் தொலைத்துவிட்டோம்.’ கேட்பதற்குப் பெருமையாக இருக்கிறது. முன்னோரைப் புகழ்வது போலவும் இருக்கிறது. உண்மையில் இது முன்னோர் சொன்னதைக் காதில் வாங்காமல் இருப்பதற்கு ஒரு மரியாதையான வழி.

கல்லில் எழுதுவது எதற்காக? ஓலை செல்லரிக்கும், செப்பேட்டை ஒருவன் பெட்டியில் வைத்துப் பூட்டுவான். கோயில் சுவரோ ஊரே வந்து போகிற இடம். இன்ன நிலத்தை இன்னார் கொடுத்தார், இதன் விளைச்சலில் இத்தனை விளக்கு எரிய வேண்டும், இத்தனை நாழி அரிசி படைக்க வேண்டும் என்று அங்கே வெட்டி வைத்தால் நாளைக்கு எந்தத் தர்மகர்த்தாவும் ‘அப்படி ஒன்றும் இல்லையே’ என்று சொல்ல முடியாது. இன்றைக்குப் பத்திரப் பதிவு அலுவலகம் செய்கிற வேலையை அன்று சுவர் செய்தது. சில கல்வெட்டுகளின் கடைசியில், இந்தத் தர்மத்துக்கு அழிவு செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சாபம் வரும். படிக்கவே கூடாத எழுத்தில் சாபம் எழுதுவானா ஒருவன்? யாரை மிரட்ட?

இந்தக் கல்வெட்டு மொழியில் ஒரு தொடர் உண்டு: சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடு! புதையல்காரர்கள் கண்ணில் இது பட்டால் போதும். காயகல்பம், குற்றாலத்துக் குகை, அகத்தியர் என்று மூன்று எபிசோடு ஓட்டிவிடுவார்கள். விஷயம் இதுதான். கோயிலில் அணையாமல் ஒரு விளக்கு எரிய நெய் வேண்டும். அதற்காக ஒருவர் 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைக்கிறார். கிழட்டு ஆடு சாகும், குட்டி பிறக்கும், மந்தை மாறும். ஆனால் கோயிலுக்கு வரவேண்டிய நெய் குறையக் கூடாது. கணக்கில் 96 என்பது எப்போதும் 96. எண்ணிக்கை சாவதில்லை, மூப்பதில்லை. ஒரு கணக்கப்பிள்ளை எத்தனை அழகாகச் சொல்லியிருக்கிறான் என்று வியக்க வேண்டிய இடம். ‘முதல் குறையாமல்’ என்று இன்றைய வங்கி எழுதுவதை அவன் கவிதையாக எழுதினான். அதை அமரத்துவ சூத்திரம் ஆக்கினால் அந்தக் கணக்கனுக்கும் அவமானம், அந்த இடையருக்கும் அவமானம்.

சரி, ஏன் நமக்குப் படிக்க முடியவில்லை? காரணங்கள் சாதாரணமானவை. பழைய எழுத்தில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் கண்ணுக்கு ஒன்றாகவே இருக்கும். அதைச் சீர்செய்து பிரித்துக் காட்டியவர் 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவர். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி விடும் வழக்கம் இல்லை. இதற்கு மேல் சுருக்கக் குறிகள் வேறு. வேலி, மா, காணி, முந்திரி என்ற அளவுகளுக்குத் தனித்தனிக் குறி. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. அதற்கும் ஒரு குறி. வருடத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, வரவுக்கு, பற்றுக்கு, மேற்படிக்கு ஒன்று என்று தனித்தனி. என் தாத்தாவின் கிரையப் பத்திரத்தில் இந்த ‘௸’ குறி வரிக்கு வரி வரும். சின்ன வயதில் அதை ஏதோ யந்திரம் என்று நினைத்திருந்தேன். இன்று அந்தக் குறி யுனிகோடில் இருக்கிறது, உங்கள் கைபேசியிலும் இருக்கிறது. ‘மேற்படி’க்கு மேல் அதற்கு ஒரு பொருளும் இல்லை.

வட்டெழுத்துக்கு வருவோம். இதைப் பாண்டியர்களின் ஒற்றர் எழுத்து என்று ஒருவர் மேடையிலேயே பேசக் கேட்டேன். பாண்டிய நாட்டில் அது அன்றாட எழுத்து. தானம் எழுதினார்கள், நடுகல்லில் பெயர் எழுதினார்கள், ஏரி மதகில் எழுதினார்கள். சோழர் பாண்டிய நாட்டைப் பிடித்ததும், முதலாம் ராஜராஜன் காலத்தை ஒட்டி, சோழ நாட்டுத் தமிழெழுத்து இங்கே மேலோங்கியது. வட்டெழுத்து மெல்ல மெல்லக் கை நழுவியது. மலைக்கு மேற்கே சேர நாட்டில் அது இன்னும் பல நூற்றாண்டு வாழ்ந்தது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டையில் நின்றுகொண்டு வட்டெழுத்தை ரகசிய எழுத்து என்று சொல்வது வேடிக்கை. ஆட்சி மாறினால் எழுத்து மாறும். நம் பாட்டிகள் அரிச்சுவடியில் படித்த தமிழ் எண்களை நாம் இரண்டே தலைமுறையில் மறந்தோம். நூறு வருடம் கழித்து ஒருவன் பழைய பஞ்சாங்கத்தின் ௪, ௭, ௯ஐப் பார்த்து ‘மறைகுறி’ என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

இந்த மயக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. டெல்லி சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் 14ஆம் நூற்றாண்டில் தோப்ரா என்ற ஊரிலிருந்து அசோகர் தூணை யமுனை வழியாகப் படகில் டெல்லிக்குக் கொண்டுவந்தார். தூணில் என்ன எழுதியிருக்கிறது என்று பண்டிதர்களைக் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. சிலர் மட்டும், பிரோஸ் என்றொரு சுல்தான் வரும்வரை இந்தத் தூணை யாராலும் அசைக்க முடியாது என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்களாம். பரிசு கிடைத்திருக்கும். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமியைப் படித்துக் காட்டியபோது அந்தத் தூணில் இருந்தது வழியோரம் ஆலமரம் நட்டதும் கிணறு வெட்டியதும் உயிர்களிடம் இரக்கம் காட்டச் சொன்னதும். நாட்டு மக்கள் எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஒரு ராஜா ஊர் ஊராக எழுதி வைத்த சேதி அது. எகிப்திலும் இதே கதை. 17ஆம் நூற்றாண்டில் கிர்ச்சர் என்ற பாதிரியார் அந்நாட்டுச் சித்திர எழுத்தெல்லாம் ஞானிகளின் மறைபொருள் என்று தடித்தடியான புத்தகங்கள் போட்டார். ஒரு அரசனின் பெயரை மட்டும் சொன்ன எழுத்துக்கு ஒசைரிஸ் தெய்வத்தைப் பற்றி ஒரு பத்தி தத்துவம் எழுதினார். 1822இல் ஷாம்போலியன் வந்து பெயரைப் பெயராக வாசித்தார்.

நம் பக்கத்திலேயே மருகால்தலைக் குகை இருக்கிறது. ஊர்க்காரர்கள் பஞ்ச பாண்டவர் படுக்கை என்பார்கள். அங்குள்ள தமிழ் பிராமி எழுத்து 1906இல் கண்டறியப்பட்டது. அந்த எழுத்து தமிழ்தான் என்பதை 1924இல் கே.வி. சுப்பிரமணிய அய்யர் நிறுவிய பிறகு பொருள் தெளிந்தது. காசிபன் என்பவர் கல் படுக்கை கொடுத்தார். அவ்வளவே. ரயில் நிலைய சிமெண்டு பெஞ்சில் ‘உபயம்’ என்று எழுதுகிறோமே, அதே உபயம்.

திருக்குற்றாலக் குறவஞ்சியை மேடையில் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். வெகுநாள் கழித்துச் சிங்கியைக் காணும் சிங்கன் அவள் காலில் கிடக்கும் சிலம்பைப் பார்த்துவிட்டு விரியன் பாம்பு கடித்துக் கிடப்பதாகப் பதறுவான். அவள் நிதானமாக, குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்பாள். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் நம் புதையல்காரர்களை நேரில் பார்த்துவிட்டுத்தான் அதை எழுதினாரோ என்று எனக்கு அவ்வப்போது சந்தேகம் வரும்.

இவ்வளவு சொன்னால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கேள்வி கட்டாயம் வரும். “அப்போ நம்மாளுக்கு மறைச்சு எழுதவே தெரியாதுங்கியளா?” நன்றாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன். எல்லாவற்றையும் ரகசியம் என்று மூட்டை கட்டுகிறவர்கள் நிஜமான ரகசியங்களைக் கவனிப்பதே இல்லை.

நன்னூலைத் திறந்து பாருங்கள். குழூஉக்குறிக்கு அங்கே இலக்கணமே இருக்கிறது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப் பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள் என்று உரையாசிரியர்கள் உதாரணம் காட்டினார்கள். மேலப்பாளையம் சந்தைக்குப் போனால் தரகரும் வியாபாரியும் துண்டுக்கு அடியில் கையைக் கோத்து விரலை அழுத்தி விலை பேசுவதைப் பார்க்கலாம். சுற்றி நாற்பது பேர் நிற்பார்கள், ஒருவருக்கும் தொகை தெரியாது. வாத்ஸ்யாயனர் சொன்ன 64 கலைகளில் மறைமொழியில் பேசுவதும் எழுதுவதும் ஒன்று. அதற்கு உரை எழுதிய யசோதரர், எழுத்துக்கு எழுத்து மாற்றிப் போடும் முறைகளை விளக்குகிறார். அவற்றில் ஒன்று கௌடில்யர் பெயரிலும் இன்னொன்று மூலதேவர் பெயரிலும் வழங்குகிறது. தமிழ்ச் சித்திரகவியில் கரந்துறைப் பாட்டு என்று ஒரு வகை. ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுள் ஒளிந்திருக்கும். கடைசியிலிருந்து ஓரெழுத்து விட்டு ஓரெழுத்து எடுத்துக்கொண்டே வந்தால் வெளியே வரும். ஆனால் அந்தப் புலவன் எதையும் பதுக்கவில்லை. ஒளித்திருக்கிறேன் பார், கண்டுபிடி என்று சபையில் சவால் விடுகிறான்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஜவுளிக்கடை. பள்ளி விடுமுறையில் மாமா ஒருவர் கடையில் துணி மடித்துப் போட உட்கார்ந்திருக்கிறேன். சேலைச் சீட்டில் விற்கிற விலை எண்ணில் இருக்கும். மூலையில் வாங்கின விலை எழுத்தில் இருக்கும். பேரம் முற்றும்போது எவ்வளவு வரை இறங்கலாம் என்று கடைப்பையனுக்குத் தெரிய வேண்டும், எதிரே நிற்கும் அக்காவுக்குத் தெரியக் கூடாது. ஒரே எழுத்து இரண்டு முறை வராத பத்தெழுத்துத் தொடர் ஒன்றைப் பிடித்து 1 முதல் 0 வரை எண் கொடுப்பார்கள். மாமா கடைத் தொடரை இன்றைக்கும் சொல்ல மாட்டேன். நானாக ஒன்று செய்து பார்த்தேன்: ‘தென்காசி மலைச்சாரல்’. தெ, ன், கா, சி, ம, லை, ச், சா, ர, ல். எண்ணிப் பாருங்கள், சரியாகப் பத்து. 350 ரூபாய் என்றால் ‘காமல்’. 480 என்றால் ‘சிசால்’.

இந்தப் பூட்டு எவ்வளவு நாள் தாங்கும்? கூர்மையான வாடிக்கையாளர் இருபது சீட்டைப் பார்த்தால் போதும். விலைகள் பெரும்பாலும் பூஜ்யத்திலோ ஐந்திலோ முடியும். அப்படியானால் கடைசியில் அடிக்கடி வரும் ‘ல்’ பூஜ்யம், அடுத்தபடி வரும் ‘ம’ ஐந்து. மீதியை விற்கிற விலையோடு ஒட்டிப் பார்த்தே பிடித்துவிடலாம். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-கிந்தி எழுதி வைத்ததும் இந்தச் சூட்சுமத்தைத்தான்: எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணு, மறைமொழி தானாக அவிழும். அதன்பிறகு எழுத்துக்கு எழுத்து மாற்றும் முறை எதுவும் கெட்டிக்காரனிடம் நெடுநாள் நிற்கவில்லை. ஆக, உண்மையில் மறைத்து எழுதிய எதற்கும் ஒரு அடையாளம் உண்டு. மறைக்க ஒரு எதிராளி இருப்பான், மறைக்கத் தகுந்த ஒரு சின்ன விஷயம் இருக்கும், படிக்க வேண்டிய ஒருவன் கையில் சாவி இருக்கும். புதையலை மலையில் புதைத்துவிட்டுச் சாவியை யாருக்கும் கொடுக்காமல் ஊர் நடுவில் கல்லில் வெட்டி வைத்தவனுக்கு இந்த மூன்றில் எது இருந்தது?

சித்தர் பாடல்களைப் பற்றி மட்டும் எதிர்த்தரப்புக்கு ஓரளவு ஒப்புக்கொடுக்க வேண்டும். மறைத்தோம், வெளியே சொல்லாதே என்று அந்த நூல்களே பல இடத்தில் சொல்கின்றன. பரிபாஷை இருப்பது நிஜம். ஆனால் அது என்ன வகைப் பரிபாஷை? பாதரசம் சிவனின் விந்து, சூதம் என்றும் பெயர். கந்தகம் சக்தியின் நாதம். கற்றாழை குமரி. கரிசலாங்கண்ணி கையான். சுக்குக்கு ‘விடமூடிய அமிர்தம்’ என்று ஒரு பெயர். எவ்வளவு மர்மமாக ஒலிக்கிறது! சுக்கின் தோலில் நஞ்சு, அதைச் சீவிவிட்டுச் சேர் என்று அந்தப் பெயரிலேயே வைத்தியர் செய்முறையைச் சொல்லிவிட்டார். இதில் எது மறைப்பு, எது நினைவுக்குறிப்பு என்று யோசிக்க வேண்டாமா? மேலும், போகர் நிகண்டு போன்ற நூல்கள் இந்த மாற்றுப் பெயர்களை வரிசையாக அடுக்கித் தருகின்றன. டி.வி. சாம்பசிவம் பிள்ளையின் மருத்துவ அகராதி முதல் தொகுதி 1931இல் அச்சாகியே வெளிவந்துவிட்டது. பூட்டோடு சாவிக்கொத்தையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

‘எட்டும் இரண்டும்’ அறியாதவர் என்று திருமூலர் சொல்வதை எடுத்துக்கொண்டு எத்தனை எண்கணித ஜோசியம் நடக்கிறது! தமிழெண்ணில் 8இன் வடிவம் அ, 2இன் வடிவம் உ. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த பையனுக்கு அது ஒரு விடுகதை. ஔவை பேரில் வழங்கும் ஏச்சுப் பாட்டிலும் எட்டும் காலும் சேர்ந்து ‘அவ’ ஆகும் வேடிக்கை உண்டு. கால் என்பதற்குத் தமிழ்க் குறி வ. தமிழ் எண்ணை நாம் கைவிட்டோம், விடுகதை மர்மமாகிவிட்டது. இதற்குத் திருமூலர் என்ன செய்வார்?

பரிபாஷையில் நிஜமாக மறைந்திருப்பது அளவும் பக்குவமும். ரசத்தையும் பாஷாணத்தையும் எத்தனை முறை சுத்தி செய்வது, எத்தனை புடம் போடுவது, எவ்வளவு கொடுப்பது என்பதைக் குரு வாயால் சொல்லிக் கையால் காட்டினார். தப்பினால் நோயாளி செத்துப்போவான். அதனால்தான் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு செய்யாதே என்றார்கள். அருவிக்குப் போகும் வழியில் மூலிகை விற்கும் பெரியவர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டேன். “பாட்டு எல்லார்ட்டயும் இருக்கு தம்பி. கைப்பக்குவம்தான் இல்ல” என்றார். இன்று பாட்டை ‘டீகோடு’ செய்து தங்கம் காய்ச்சக் கிளம்புகிறவர்கள் அந்த எச்சரிக்கையைப் பூட்டு என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

உயிரே போகிற ரகசியத்தை நம் மண் எப்படிக் காத்தது என்று பார்க்க வேண்டுமா? 1910இல் தென்காசியில் ஒரு கூட்டம் நடந்தது. காளி படத்தின் முன் கட்டை விரலைக் கீறி ரத்தத்தால் முத்திரை வைத்தார்கள் என்று பின்னால் வழக்கில் சாட்சி சொன்னார்கள். நடத்தியவர் நீலகண்ட பிரம்மச்சாரி. அமைப்பின் பெயர் பாரத மாதா சங்கம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் செங்கோட்டை வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. மறைமொழியிலா எழுதியிருந்தார்? பச்சைத் தமிழ். போலீசும் பத்திரிகையும் ஊரும் படிக்க வேண்டும் என்றே எழுதியது. அதுவரை ரகசியத்தைத் தாங்கியது எழுத்துப் பூட்டு இல்லை, சத்தியம். அது உடைந்ததும் அப்படித்தான். அவர் வீட்டைச் சோதித்தபோது அகப்பட்ட கடிதங்கள் போலீசுக்கு வழி காட்டின. பிடிபட்டவர்களில் சிலர் அப்ரூவர் ஆனார்கள். 14 பேர் மேல் வழக்கு நடந்தது, நீலகண்டருக்கு 7 ஆண்டு. மாவட்டத்தின் மிகப் பெரிய ரகசிய இயக்கத்தையே அவிழ்க்க அல்-கிந்தி தேவைப்படவில்லை.

இந்தப் புதையல் பேச்சினால் என்ன நஷ்டம், வேடிக்கைதானே என்பவர்களும் உண்டு. பாழடைந்த கோயில்களின் கருவறைக் கல்லைப் பெயர்த்துத் தோண்டியவர்கள் வேடிக்கைக்காகத் தோண்டவில்லை. பெயர்ந்த கல்லோடு எழுத்தும் போயிற்று. இன்னொரு பக்கம், மசிப்படி எடுத்து வைத்தும் அச்சேறாமல் கிடக்கும் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். மைசூரில் இருந்த தமிழ் மசிப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. புதையலுக்கு அலைகிறவர்களில் ஒருவராவது அதற்காக ஒரு மனு எழுதிப் போட்டிருப்பார்களா?

மறுபடி தென்காசிக்கே வருகிறேன். பராக்கிரம பாண்டியன் 1446இல் தொடங்கிய கோயில் இது. கோபுர வேலையை 1457இல் ஆரம்பித்தான். முடித்து வைத்தது அவனுக்குப் பின் வந்த குலசேகர பாண்டியன். கோயிலில் பராக்கிரமன் தன் பெயரிலேயே வெட்டி வைத்த பாடல்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் சேதி இது: வருங்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்து அதை யார் சரிசெய்தாலும், அவர் எவராக இருந்தாலும், உலகத்தார் அறிய அவரை நான் வணங்குகிறேன். பெயர் தெரியாத, இன்னும் பிறக்காத ஒருவனுக்கு ஒரு ராஜா போடும் கும்பிடு. அதைச் சங்கேதத்தில் எழுதியிருந்தால் கும்பிடு யாருக்குப் போய்ச் சேரும்? 1924இல் கோபுரம் தீயில் அழிந்தது. நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. 1990இல் ஊர் கூடி எழுப்பியது.

அன்று என்னோடு அண்ணன் மகளும் வந்திருந்தாள், பதினொன்றாம் வகுப்பு. புள்ளி இருக்காது, நீயே வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, இரண்டு இடத்தில் தப்பி, திரும்ப வந்து, ‘பராக்கிரம பாண்டியன்’ என்று கடைசிப் பெயரைத் தொட அவளுக்கு இருபது நிமிடம் ஆனது.